முதுகுப் பக்கம்

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணை, அதென்ன சாமி?" என்றுதான். கோணேசருக்கும் மாதுமை அம்மாளுக்கும் பக்கத்தில் மாட்டியிருந்தால் வேறென்ன கேட்பார்கள்? அது சாமி இல்லை, ஒரு மான். அதன் கொம்பு கிளைவிட்டு மரமாகி நிற்கிறது, மரத்தில் ஏழு குருவிகள். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர் ஒருவர் வரைந்தது. விலைக்கா என்பார்கள், இல்லை என்பேன். "விக்கிறதில்லையெண்டால் பிறகேன் கடையில மாட்டி வச்சிருக்கிறியள்?" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி. வீட்டில் இடமில்லை என்பது பாதி உண்மை. வாங்கிய விலை மனைவிக்குத் தெரியாது என்பது மற்றப் பாதி.

திருகோணமலையில் எனக்கு ஒரு சின்னப் பிரேம் கடை. 30 வருஷமாகிறது. கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம் எல்லாம் வரும்தான். ஆனாலும் என் பிழைப்பு பெரும்பாலும் இறந்தவர்களை நம்பித்தான் ஓடுகிறது. அந்தியேட்டிக்கு முதல் நாள் மூச்சிரைக்க வந்து, அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெருப்பித்துக் கொண்டுவந்து, "பின்னேரத்துக்கிடையில வேணும்" என்பார்கள். பழைய படம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் திருப்பி முதுகைத்தான் பார்ப்பேன். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய ஆண்டு, பசை பழுத்த மஞ்சள், சுனாமித் தண்ணீர் ஏறி நின்ற கோடு எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கம் அதுபாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்.

பழங்குடிக் கலைஞர்கள் செய்த ஓவியமும் செதுக்குவேலையும் சேர்க்க ஆரம்பித்தது எப்படி என்று இரண்டொருவர் கேட்டிருந்தீர்கள். சேகரிப்பு என்பது பெரிய வார்த்தை. மொத்தம் ஒன்பது சாமான். அதில் ஒன்று போலி, ஒன்று கோடாலிப் பிடி, ஒன்று தபால் முத்திரை. இந்த வருமானத்துக்கு அவ்வளவுதான் முடியும்.

போலியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 2014 இல் அக்காவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்தபோது ஒரு கறுப்புக் கரடி கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கும், பளபளவென்று வழுக்கும். "மாமா, எஸ்கிமோ ஆக்கள் கல்லில செதுக்கினது" என்றான். (அந்தச் சொல்லை அங்கே இப்போது மரியாதையாக எடுப்பதில்லை, இனுயிட் என்றுதான் சொல்லவேண்டும் என்று பிறகு அவனே திருத்தினான்.) மேசையில் வைத்தேன். வருகிற சின்னப்பிள்ளைகள் எல்லாரும் அதைத் தடவாமல் போகமாட்டார்கள்.

சித்திரை வெயிலில் ஒருநாள்தான் எனக்கு ஏதோ இடித்தது. கல் என்றால் திருமலை வெக்கையிலும் தொட்ட உடனே கொஞ்சம் குளிரும். கோயில் படியில் நிழல் விழுந்த இடத்தில் கால் வைத்தால் தெரியுமே, அப்படி. இது தொட்ட கணமே கைச்சூட்டை வாங்கிக்கொண்டது. அளவுக்குப் பாரமும் இல்லை. அடியில் பச்சை வெல்வெட் துணி ஒட்டியிருந்தது. முதல் நாளே அதை உரித்துப் பார்த்திருக்க வேண்டும், பரிசு என்பதால் மனம் வரவில்லை. உரித்தேன். வயிற்றைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். பக்கத்திலே ஊசிமுனை அளவில் இரண்டு காற்றுக் குமிழி.

பைபர் போட் திருத்துகிற கூட்டாளி ஒருவனைக் கூப்பிட்டேன். அவன் தையல் ஊசியை லைட்டர் நெருப்பில் சுட்டு அடியில் குத்தினான். கல் என்றால் ஊசிக்கு ஒன்றும் ஆகாது. இது நெளிந்து கொடுத்தது, ஒரு நாற்றமும் வந்தது. "மச்சான், இது எங்கட போட்டுக்கு ஊத்திற ரெசின்தான், கல்லுத்தூள் கலந்து ஊத்தியிருக்கிறாங்கள்" என்றான். கனடாவிலிருந்து எண்ணாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்த கரடி, வள்ளத்துக்குத் தம்பி முறை!

மருமகனுக்குச் சொல்ல இரண்டு வருஷம் எடுத்தேன். விமான நிலையத்துக் கடையில் 80 டொலர் கொடுத்திருக்கிறான் பாவம். கோபப்பட்டான், அப்புறம் ரோஷப்பட்டான். அடுத்த முறை என்னையே கேட்டு வாங்குவதாகச் சொன்னான். நானும் இரவிரவாக இணையத்தில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவன் ரோஷத்தில் எனக்கு வாய்த்த பாக்கியம்.

இனுயிட் வேலைக்கு இக்ளூ அட்டை என்று ஒன்று உண்டு. பனிவீட்டுப் படம் போட்ட சின்ன அட்டை, செய்தவர் பெயரும் ஊரும் எழுதி நூலில் கட்டியிருக்கும். கனடா அரசு 1958 இல் தொடங்கியது. அப்போதே சந்தையில் அச்சில் வார்த்த போலிகள் வந்துவிட்டன. 2017 இலிருந்து அந்த அடையாளத்தை இனுயிட் ஆர்ட் பவுண்டேஷன் நடத்துகிறது. நான் மருமகனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: அட்டை இருக்கவேண்டும், அடிப்பக்கம் துணி ஒட்டியிருக்கக் கூடாது, கடைக்காரருக்குச் செதுக்கியவரின் பெயர் தெரிந்திருக்கவேண்டும்.

அவன் பிடித்தது ஒரு வால்ரஸ். மீசையும் நீண்ட இரண்டு பல்லும் உள்ள கடல் விலங்கு. முதலில் பார்த்ததில் பல் அசல் வால்ரஸ் தந்தம். "வடிவா இருக்கு மாமா" என்று படம் அனுப்பினான். வேண்டாம் என்றேன். அதைக் கனடாவுக்கு வெளியே கொண்டுபோகத் தனி அனுமதிப் பத்திரம் வேண்டும். அப்படியே கொண்டுவந்தாலும் கட்டுநாயக்காவில் தந்தம் என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் பல்லுக்குக் கரிபூ மான்கொம்பு வைத்த ஒன்று கிடைத்தது. 260 டொலர். அவன் பாதி, நான் பாதி.

அந்த வால்ரஸ் இப்போது என் முன்னால் இருக்கிறது. கரும்பச்சைக் கல், உள்ளே பாசி ஓடியது போல் வெளிர் நரம்புகள். எல்லாரும் சோப்புக்கல் என்பார்கள், இது அதைவிடக் கடினமான சர்ப்பெண்டைன். முதுகும் கழுத்து மடிப்பும் கண்ணாடி போல மின்னும். திருப்பினால் வயிற்றில் அரத்தின் கோடுகள் அப்படியே இருக்கின்றன, ஒரு பக்கமாகச் சரிந்து, நடுவில் கை மாறிய இடம் தெளிவாகத் தெரிகிறது. மேலே பொலிஷ் போட்டவர் அடியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். என் அப்பா தச்சு வேலை செய்தவர். அவர் செய்த அலுமாரிக் கதவின் உட்பக்கமும் இப்படித்தான் இருக்கும்.

அரக்கோடுகளுக்கு நடுவே பெயர். ஆங்கிலத்தில் இல்லை, அவர்கள் எழுத்தில். முக்கோணமும் கொக்கியுமாக இருந்ததைப் பார்த்து முதலில் ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். எழுத்து அட்டவணை ஒன்று எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். நாங்கள் க என்ற எழுத்துக்கு விசிறியும் கொம்பும் போட்டு கி, கு, கெ ஆக்குகிறோம். அவர்கள் எழுத்தையே திருப்பி வைக்கிறார்கள். முக்கோணம் மேலே பார்த்தால் இ, வலப்பக்கம் பார்த்தால் உ, இடப்பக்கம் பார்த்தால் அ. நெடிலுக்கு மேலே ஒரு புள்ளி. உயிரில்லாத மெய்யைச் சின்னதாக மேலே எழுதுவார்கள், எங்கள் புள்ளிக்குப் பதிலாக. பெயரின் நான்கு எழுத்தும் பிடிபட்டபோது பின்னேரம் ஐந்து மணி. மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டு, "என்ன, சோதனைக்குப் படிக்கிறியளோ?" என்றாள்.

பழைய செதுக்குகளில் பெயர் இல்லாமல் ஓர் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கும். 1941 இலிருந்து அரசு இனுயிட் ஆட்களுக்கு ஆளுக்கொரு வட்டத்தகடு கொடுத்து அதில் இலக்கம் அடித்திருந்தது. கிழக்குக்கு ஈ, மேற்குக்கு டபிள்யூ. அப்போது அவர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இருக்கவில்லை, அலுவலகத்தாருக்குக் கணக்கு வைக்கத் தெரியவில்லை. தகட்டு இலக்கத்தையே பலர் கல்லில் வெட்டினார்கள். சுனாமிக்குப் பிறகு நிவாரண அட்டையைக் கழுத்தில் தொங்கப்போட்டு வரிசையில் நின்ற எனக்கு அதை விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை.

வால்ரஸுக்கு வந்த ஒரே ஆபத்து வீட்டிலிருந்துதான். நான் கொழும்புக்குப் போயிருந்த இரண்டு நாளில் மனைவி அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து வைத்திருந்தாள். சாமிச் சிலைக்குப் பூசுவதுபோல, நல்ல மனதோடுதான். ஒரு வாரத்தில் மடிப்பெல்லாம் பிசுபிசுத்து, தெருப்புழுதி முழுவதும் அதில். இளஞ்சூட்டு நீரும் பழைய பனியன் துணியுமாக மூன்று பின்னேரம் ஆனது. கல்லுக்கு எண்ணெய் வேண்டாம், அவ்வளவுதான் பராமரிப்பு. தாளில் வரைந்ததுதான் திருமலையில் படாத பாடு படும். மார்கழி மழையில் கண்ணாடிக்குள்ளே வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளிப்பூச்சி பசையைத் தேடி வரும். கண்ணாடி தாளில் முட்டாமல் இடைவெளி விட்டு அடியுங்கள். லமினேட் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். லமினேட் செய்து கொண்டுவருபவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

மானுக்கு வருகிறேன். 2017 இல் மனைவியின் கண் ஒப்பரேஷனுக்குச் சென்னைக்குப் போனோம். 12 நாள். கட்டுப்போட்ட கண்ணோடு அவள் விடுதியில் தூங்கிய ஒரு மத்தியானம், பக்கத்தில் நடந்த கைவினைச் சந்தைக்குள் நுழைந்தேன். ஒருவர் தரையில் அமர்ந்து வரைந்துகொண்டிருந்தார். முதலில் உருவத்தின் வெளிக்கோடு, அப்புறம் உள்ளே நிரப்பல். மானின் உடம்பு முழுக்க அரிசி அளவில் சின்னச் சின்ன வளைகோடு, ஒவ்வொன்றும் தனித்தனியாக, பேனா தூக்கித் தூக்கி. ஒரு காலை நிரப்பவே அரை மணிநேரம் போனது. கோண்டு ஓவியர்களில் ஒவ்வொருவருக்கும் நிரப்பல் வேறு. ஒருவருக்குப் புள்ளி, ஒருவருக்கு மீன்செதில், ஒருவருக்கு விதை. கையெழுத்து பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடலாம் என்று மொழிபெயர்த்த மாணவன் சொன்னான்.

மண்சுவரில் வரைந்துகொண்டிருந்தவர்கள் தாளுக்கு வந்தது 1980களில். போபாலில் 1982 இல் பாரத் பவன் என்ற கலை மையம் திறந்த காலத்தில், ஓவியர் ஜே. சுவாமிநாதன் கிராமம் கிராமமாக ஆள் அனுப்பித் தேடியபோது, பாட்டன்கட் என்ற ஊரில் ஜன்கட் சிங் ஷ்யாம் என்ற இளைஞனின் சுவர் ஓவியம் கண்ணில் பட்டது. 1989 இல் பாரிஸில் அவர் படம் காட்சிக்கு வந்தது. 2001 இல் ஜப்பானில் ஒரு அருங்காட்சியகத்துக்கு வரையப் போன இடத்தில் இறந்துபோனார், நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. இன்று அந்தப் பாணிக்கே ஜன்கட் கலம் என்று பெயர் சொல்கிறார்கள், கலம் என்றால் ஹிந்தியில் எழுதுகோல். நான் சந்தித்தவர் அதே ஊர்.

9,000 இந்திய ரூபாய் சொன்னார். நான் பழக்கதோஷத்தில் ஆறுக்குத் தாருங்கள் என்றேன். அவர் கோபிக்கவில்லை. மாணவனிடம் ஹிந்தியில் ஏதோ கேட்டார். "நீங்கள் என்ன தொழில் என்று கேட்கிறார்" என்றான். பிரேம் போடுகிற தொழில் என்றேன். "உங்கள் சட்டத்துக்கு விலை குறைக்கச் சொன்னால் மரத்தின் எந்தப் பக்கத்தை வெட்டுவீர்கள் என்று கேட்கிறார்." எனக்குக் காது சூடானது. "ஒரு ஐந்நூறு குறைச்சுத் தாங்கோ அண்ணை" என்று தினமும் கேட்டு எரிச்சல்படுகிறவன் நான்தானே. ஒன்பதாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தேன். படத்தின் முதுகில் பெயர், ஊர், தேதி, மானின் கதை நாலு வரி என்று எழுதி வாங்கினேன். ஹிந்தி. அதற்காகவே சட்டத்தின் பின்பலகையில் ஒரு ஜன்னல் வெட்டி, கண்ணாடி போட்டிருக்கிறேன்.

அச்சா, கையா என்று பார்க்கப் பெரிய வித்தை வேண்டாம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். அச்சென்றால் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் பூப்போலக் கூடியிருக்கும். கைவேலையில் வர்ணம் தாளின்மேல் உட்கார்ந்திருக்கும், டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் மேடு தெரியும். ஆனால் அச்சென்றாலே அசல் இல்லை என்றும் இல்லை. கிங்கைட் என்று கனடாவின் வடக்கே ஒரு இனுயிட் ஊர், முன்பு கேப் டோர்செட் என்பார்கள். அங்கே கல்லைச் செதுக்கி மை பூசி, மெல்லிய தாளை மேலே வைத்துக் கையால் தேய்த்து எடுப்பார்கள். பெரும்பாலும் 50 பிரதி, அத்தோடு சரி. அந்த ஊர் ஓவியர் கெனோஜுவாக் அஷேவாக் வரைந்த ஆந்தை ஒன்று, 1960 இல் அச்சானது, இறகெல்லாம் தீச்சுவாலை மாதிரி விரிந்து நிற்கும். அதன் ஒரு பிரதியை வாங்க நான் கடையை விற்றாலும் காணாது. ஆனால் 1970 இல் கனடா அந்த ஆந்தையை ஆறு சத முத்திரையாக வெளியிட்டது. மருமகன் ஒரு முத்திரைக் கடையில் இரண்டு டொலருக்கு எடுத்து அனுப்பினான். கைவிரல் அளவு முத்திரைக்கு ஓரடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். என் சேகரிப்பில் ஒரு கெனோஜுவாக் உண்டு என்று இதை வைத்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

முதுகு, முதுகு என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு ஒரு குட்டு விழுந்தது. நோர்வல் மொரிசோ என்று கனடாவின் அனிஷினாபே பழங்குடி ஓவியர், 2007 இல் காலமானவர். தடித்த கறுப்புக் கோடு, விலங்கின் வயிற்றுக்குள் இருப்பதையும் காட்டுகிற வரைதல். படத்தின் முன்பக்கத்தில், கிரீ என்ற இன்னொரு பழங்குடியின் எழுத்தில், செப்பு இடிப்பறவை என்ற தன் பழங்குடிப் பெயரைக் கையெழுத்தாக இடுவார். அவர் பெயரில் போலிகள் வருஷக்கணக்கில் விற்றன. 2023 இல் பொலிஸ் எட்டுப் பேரைப் பிடித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களைக் கைப்பற்றியது. அந்தப் போலிகளில் பலவற்றின் முதுகில் கறுப்பு வர்ணத்தால் பெயர், தலைப்பு, ஆண்டு எல்லாம் வடிவாக எழுதியிருந்ததாம். என்னிடம் வந்திருந்தால் முதுகைப் பார்த்து நான்தான் முதலில் ஏமாந்திருப்பேன். அதற்குப் பிறகு படத்தோடு வந்த பில், கடிதம், கொடுத்தவரோடு எடுத்த படம் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைக்கிறேன்.

இன்னொன்று சொல்லவேண்டும், பெருமையான விஷயம் இல்லை. போன வருஷம் மெல்பேர்ணிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பிள்ளை, அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு என்று பூமராங் என்ற வளைதடி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிச் சட்டம் அடிக்கச் சொன்னாள். முழுக்கப் புள்ளி, நடுவில் கங்காரு. திருப்பினேன். ஆளின் பெயர் இல்லை, ஊர் இல்லை, இனக்குழு இல்லை. கைவேலை என்று மட்டும் ஆங்கிலத்தில் ஸ்டிக்கர். அவுஸ்திரேலியாவில் 2019 இல் ஒரு நிறுவனத்துக்கு நீதிமன்றம் 23 இலட்சம் டொலர் அபராதம் போட்டது, இந்தோனேசியாவில் செய்த 18,000க்கும் மேற்பட்ட சாமான்களை ஆதிவாசிகள் கையால் செய்தது போலக் காட்டி விற்றதற்கு. இது அந்த வகையாகத்தான் இருக்கவேண்டும். புள்ளி வைப்பதே எல்லாருக்கும் பொது இல்லை. அது மேற்குப் பாலைவனத்து வழக்கம், 1971 இல் பப்புன்யா என்ற குடியிருப்பில் பலகைக்கு வந்தது. வடக்கே ஆர்ன்ஹெம் நிலத்தில் யூக்கலிப்டஸ் மரப்பட்டையை மழைக்காலத்தில் உரித்து, நெருப்பில் வாட்டி, பாரம் வைத்துத் தட்டையாக்கி, மண் வர்ணத்தில் மயிர்த்தூரிகையால் குறுக்குக் கோடு போடுவார்கள். இதெல்லாம் வாய்வரை வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கறுப்புச் சட்டமா, மரக்கலரா?" என்று கேட்டேன். கறுப்பு என்றாள். அடித்துக் கொடுத்துக் காசும் வாங்கினேன். இன்னும் அது உறுத்துகிறது.

கனடாவும் அவுஸ்திரேலியாவும் இருக்கட்டும், இங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொண்டேன். மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று எங்கள் கரையிலேயே வேடர் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறவர்கள், மீன்பிடிப்பவர்கள். உப்புவெளிப் பக்கம் ஒரு கடையில் வில்லும் கையுமாக வேடர் பொம்மை விற்கிறார்கள். எங்கே செய்தது என்றேன், கண்டிப் பக்கம் என்றார் கடைக்காரர். மானிடவியல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதி வேடர்களைப் பற்றி 1911 இல் எழுதிய நூலில், உள்நாட்டுக் குகைகளில் வேடப் பெண்கள் சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் படம் போட்டதைக் குறித்திருக்கிறார்கள். ஆண்கள் வேட்டையால் திரும்பும்வரை பொழுதுபோக்காக. சட்டம் அடிக்க முடியாத ஓவியம்.

வெருகல் திருவிழாவுக்குப் போன வருஷமொன்றில் ஒரு பெரியவரைப் பழக்கம் பிடித்தேன். தேன் எடுப்பவர். செதுக்கினது ஏதும் வைத்திருக்கிறீர்களா என்றேன். யோசித்துவிட்டு, "செதுக்கினதெண்டால் இதுதான்" என்று கோடாலியைக் காட்டினார். வீரைத் தடியில் பிடி. கை வழுக்காமல் இருக்க அடியில் மூன்று வளையம் வெட்டியிருந்தார். நடுவில் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. விலைக்குக் கேட்டேன். "இதைத் தந்திட்டு நாளைக்கு நான் எதால வெட்டுறது?" என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது புதிதாக ஒன்று செய்து வைத்திருந்தார், அதே மூன்று வளையத்தோடு. அதை நீட்டும்போது அவருக்கு ஒரு கூச்சம். "இது இன்னும் கோடாலி காணாத பிடி" என்றார். காசை இரண்டு தடவை திருப்பித் தந்து மூன்றாம் தடவை வாங்கினார். பெயரை அட்டையில் எழுதிக் கட்டட்டுமா என்றேன். "கோடாலிப் பிடிக்கும் பெயரோ? வெருகலில செய்தது எண்டு போடுங்கோ, காணும்." ஊர், மரம், மாதம், ஆண்டு எழுதி நூலில் கட்டியிருக்கிறேன். பெயர் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது.

மருமகன் மார்கழியில் வருகிறான். போன கிழமை ஒரு ஆந்தையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, 190 டொலர், எடுக்கட்டா?" என்றான். அடியைத் திருப்பி எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினான். கடை விளக்கு நேராக விழுந்து எல்லாம் வெள்ளை, எழுத்தும் தெரியவில்லை, அரக்கோடும் தெரியவில்லை. வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து அடித்து இன்னொரு தடவை எடு என்று எழுதியிருக்கிறேன். அங்கே இப்போது இரவு, இன்னும் பதில் வரவில்லை.